ராஜா தலைக் காசும் அட்டையில் அடைத்த காசும்

குதிரைமேல் ஒரு வீரன், அவன் கையில் குறுவாள், குதிரையின் காலடியில் சுருண்டு புரளும் டிராகன். மறுபுறம் தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. குறுக்களவு 22 மில்லிமீட்டர், எடை 7.98 கிராம், 12 பங்கில் 11 பங்கு தங்கம். 1817இல் பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் வடித்த அந்தக் குதிரைக்காரன் லண்டனிலிருந்து கிளம்பி, நம் ஊர்ப் பாட்டிமார்களின் காசு மாலையில் வந்து தொங்கினான். விக்டோரியா முகம் இருந்தால் ராணி தலைக் காசு, ஆண் முகம் இருந்தால் ராஜா தலைக் காசு. எந்த ராஜா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஏழாம் எட்வர்டானாலும் ஐந்தாம் ஜார்ஜானாலும் தராசு ஒரே எடையைத்தான் காட்டியது.

இன்று அதே காசை இரண்டு பேரிடம் காட்டினால் இரண்டு விலை சொல்கிறார்கள். மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடைக்குப் போனால் காசை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுப்பார்கள், அல்லது கேரட் மீட்டருக்குள் வைப்பார்கள். பிறகு தராசு, அன்றைய ரேட், கழிவு, கையில் பணம். நாணயம் சேர்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் காசின் முகத்தைத் தொடமாட்டார். விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, லென்ஸை எடுத்து, முதலில் ஆண்டைப் பார்ப்பார், பிறகு ஆண்டுக்கு மேலே குதிரை நிற்கும் தரைக்கோட்டைப் பார்ப்பார். தராசை அவர் கடைசியில்தான் தேடுவார். பாட்டி காலத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தார்கள், அவர் பெயர் ஆசாரி.

பவுன் என்று நாம் சொல்லும் இந்தக் காசு அன்று புழங்கும் பணமும்கூட. 1899இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று சட்டப்படி விலை கட்டியது. கஜானாவில் நீட்டினால் செல்லும். ஆனால் 15 ரூபாய் அந்தக் காலத்தில் லேசான தொகையா? சந்தையில் கத்தரிக்காய் வாங்க யாரும் பவுன் கொண்டு போகவில்லை. அறுவடை முடிந்து, கடன் கட்டி, மிஞ்சியதைப் பவுனாக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால் காசின் தலையில் ஒரு வளையம் பற்றவைத்து மாலையில் கோத்தார்கள். மழை பொய்த்தால் மாலையிலிருந்து ஒன்றைக் கழற்றி அடகு வைத்தார்கள். பணம், சேமிப்பு, நகை மூன்றும் அந்த ஒரே வட்டத்துக்குள் இருந்தன.

வெள்ளியிலும் இதே கதைதான். 1835 முதல் வெளிவந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. அதில் 12க்கு 11 பங்கு வெள்ளி. முத்திரையே மாற்றுக்கு உத்தரவாதம் என்பதால் கொலுசும் அரைஞாணும் செய்ய ஆசாரியிடம் ரூபாய்களை எண்ணிக் கொடுப்பதே வழக்கம். தராசுத் தட்டில் எடைக்கல்லாகவும் ரூபாயை வைத்தார்கள். அரசாங்கம் அச்சடித்த காசு பட்டறையில் மூலப்பொருளாவதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அரிய காசு அழிகிறதே என்று கவலைப்பட ஊரில் ஆளே இல்லை.

முதல் உலகப் போர் இந்தக் கதையில் ஒரு சின்னத் திருப்பத்தைக் கொண்டுவந்தது. கப்பலில் தங்கம் ஏற்றி இறக்குவது ஆபத்தான காரியமாகிப்போனதால், பம்பாயிலேயே லண்டன் நாணயச்சாலையின் கிளை ஒன்றில் பவுன் அடிக்க ஏற்பாடானது. 1918 என்ற ஒரே ஆண்டு பொறித்து ஏறத்தாழ 13 லட்சம் காசுகளை அடித்துவிட்டு அந்தக் கிளை மூடிக்கொண்டது. அவற்றின் தரைக்கோட்டில் ஆங்கில ‘ஐ’ எழுத்து, கடுகளவு. சிட்னியில் அடித்ததற்கு ‘எஸ்’, மெல்போர்னுக்கு ‘எம்’, பெர்த்துக்கு ‘பி’, கனடாவின் ஒட்டாவாவுக்கு ‘சி’. லண்டனில் அடித்ததற்கு எழுத்தே கிடையாது. மாலை கோத்தவர்களுக்கு இந்த எழுத்து கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. இன்று பல லட்சம் ரூபாய் அந்தக் கடுகளவு இடத்தைப் பொறுத்தே கைமாறுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1927இல் பவுன் இந்தியாவில் சட்டப்படியான பணம் என்ற தகுதியை இழந்தது. 13 ரூபாய் 5 அணா 4 பை விகிதத்தில் அரசு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கடையில் நீட்டினால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. நான்கு வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. பவுண்டு சரிந்தது, அதோடு கட்டிப்போட்டிருந்த ரூபாயும் சரிந்தது, ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. அதே சமயம் உலகப் பெருமந்தத்தில் நெல் விலையும் நிலக்கடலை விலையும் பாதாளத்துக்குப் போயிருந்தன. வரி கட்ட வேண்டும், வட்டி கட்ட வேண்டும். கிராமத்துப் பெட்டிகள் திறந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. மாலைகளிலிருந்து கழன்ற காசுகள் எத்தனையோ உருக்குச் சட்டிக்குள் போய்க் கட்டியாயின. அந்த நெருக்கடியில் எது அரிய ஆண்டு என்று யார் பார்த்திருப்பார்கள்?

நாணயத்தைக் கட்டித் தங்கமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு பிரிட்டிஷ்காரன் காலத்தில் வந்ததல்ல. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது: 501 ரோமானியப் பொற்காசுகள். நீரோ, வெஸ்பேசியன் போன்ற பேரரசர்களின் தலைகள். பெரும்பாலான காசுகளில் அந்தத் தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கி, இனி இது எடைக்கு மட்டுமே என்று காட்டப் போட்ட வெட்டு அது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மிளகு விற்றவனுக்கு ரோமாபுரி ராஜாவின் மூக்கு எதற்கு? அந்த உளிவெட்டுப் பட்ட காசுகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எடைக்கு மட்டும் என்று வெட்டியவன் செய்த காரியமே இப்போது ஆய்வாளர்களை அவற்றின் பக்கம் இழுக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காசின் பாதையும் கட்டி உலோகத்தின் பாதையும் தெளிவாகப் பிரிந்தன. 1940இல் வெள்ளி ரூபாயின் மாற்று பாதியாகக் குறைந்தது. 50 சதவீத வெள்ளி. 1947இலிருந்து அதுவும் போய் நிக்கல் வந்தது. அதற்குள் பழைய ரூபாய்களை அரசு திரும்பப் பெறத் தொடங்கியிருந்தது. சிக்கியவை உருகின, ஒளிந்தவை பெட்டியில் தங்கின. தங்கத்துக்கு இன்னும் பெரிய அடி 1963இல் வந்தது. அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றன. பொற்கொல்லர்கள் வேலையிழந்து தெருவுக்கு வந்தார்கள். 1966இல் கேரட் கட்டுப்பாடு தளர்ந்தது, ஆனால் 1968இல் வந்த சட்டம் தனியார் கட்டித் தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பட வில்லன் சூட்கேஸில் அடுக்கிவைத்திருப்பாரே பிஸ்கட், பத்துத் தோலா, 116 கிராம் சொச்சம், அது இந்தச் சட்டத்தின் குழந்தை. 1990இல் சட்டம் நீங்கும்வரை, நேர்மையாகத் தங்கம் சேர்க்க நினைத்த குடும்பத்துக்கு நகை ஒன்றுதான் வழி. நாம் இன்றும் முதலீடு என்று சொல்லிக்கொண்டு செய்கூலி, சேதாரம் கொடுத்து நெக்லஸ் வாங்குவதில் அந்த 27 வருஷப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இன்றைய கட்டித் தங்கம் வேறு உலகத்துப் பொருள். 24 கேரட், 999 முத்திரை, அரை கிராமிலிருந்து 100 கிராம் வரை, பிளாஸ்டிக் அட்டைக்குள் சீல் வைத்து, வரிசை எண் போட்டு வருகிறது. 2015 நவம்பரில் மத்திய அரசு ஒரு பக்கம் அசோகச் சக்கரமும் மறுபக்கம் காந்தி முகமுமாக இந்தியத் தங்க நாணயம் என்று ஒன்றை வெளியிட்டது. பெயரில் நாணயம் இருக்கிறது. கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியாது. நகைக்கடை லட்சுமி காசும் அப்படித்தான். அதன் முகத்தில் லட்சுமி இருந்தாலும் பிள்ளையார் இருந்தாலும் வெறும் பூ இருந்தாலும் விலையில் மாற்றமில்லை. முகம் மாறினாலும் விலை மாறாதென்றால் அது கட்டித் தங்கம். வட்டமாக இருப்பதால் நாணயமாகிவிடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தாலும் உரிமையாளருக்கு நஷ்டமில்லை. சந்தையின் பார்வையில் அதன் பெருமையே அதுதான்.

அதன் விலைக் கணக்கும் ஒளிவுமறைவில்லாதது. அன்றைய ரேட், அச்சுக்கூலி, மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் 22 கேரட் சவரன் 80,000 ரூபாயைத் தாண்டியபோது 1899இன் 15 ரூபாயை நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு. காசின் எடையில் மாற்றமில்லை, ரூபாய்தான் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. விற்கும்போது அச்சுக்கூலியும் வரியும் திரும்பி வராது. வங்கியில் வாங்கிய காசை வங்கியே திரும்ப எடுத்துக்கொள்ளாது. ரிசர்வ் வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை. அது தெரியாமல் லாக்கர் சாவியோடு கவுண்டருக்கு வந்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்கும்போது சிறிய சிறிய காசாக வாங்கினால் கிராமுக்கு அச்சுக்கூலி கூடும், அட்சய திருதியைக்கு அரை கிராம் வாங்குகிறவர் புண்ணியத்துக்கு வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கடுகளவு எழுத்துக்கு வருவோம். 1917ஆம் ஆண்டுப் பவுன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கோட்டில் ‘பி’யோ ‘எஸ்’ஸோ இருந்தால், தங்கத்தின் விலையோடு கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் அது லண்டனில் அடித்தது. லண்டனில் அந்த ஆண்டு 10 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். ஆனால் போர்ச் செலவுக்குக் கப்பலேறிய அவை பெரும்பாலும் உருகிப் போயின, தப்பியவை மிகச் சில. ஏலத்தில் ஒரு காசுக்குப் பல ஆயிரம் பவுண்டு போகிறது. அதே ராஜா, அதே குதிரை, அதே 7.98 கிராம். அடித்த எண்ணிக்கை விலையைத் தீர்மானிக்கவில்லை, பிழைத்த எண்ணிக்கை தீர்மானிக்கிறது. பம்பாய்க் காசு நம் நாட்டில் நிறையவே பிழைத்ததால், நம்முடையது என்ற பாசத்தைத் தவிர அதற்குப் பெரிய மிகுவிலை இல்லை.

வெள்ளியில் இதற்கு இணையானது ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். மாற்று குறைவதற்கு முந்தைய கடைசிக் காசு, கிடைப்பது அபூர்வம். அதனாலேயே போலிகளும் ஏராளம். 1911ஆம் ஆண்டு ரூபாயோ வேறு விதப் புகழ் பெற்றது: ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த யானை பன்றிபோல் தெரிகிறது என்று கூச்சல் கிளம்பி, அடுத்த ஆண்டு அச்சை மாற்றினார்கள். சேர்ப்பவர்கள் அதைப் பன்றி ரூபாய் என்றே கேட்டு வாங்குகிறார்கள். இந்தக் கதைக்கு உருக்குச் சட்டியில் எடை கிடையாது. கதைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பவர்தான் சேகரிப்பாளர்.

அதனால் அவருடைய சுத்தபத்தமும் வேறு. நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் தேய்ப்போம், தங்கத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் துலக்குவோம். தேய்த்து மின்னும் பழைய ரூபாயை ஆசையோடு சேகரிப்பாளரிடம் நீட்டினால் அவர் முகம் சுருங்கிவிடும். நூறு வருஷமாகப் படிந்த கருமைதான் அவருக்கு வேண்டியது. தேய்த்தால் அச்சின் கூர்மையும் சேர்ந்து போகும். காசு மாலைக்காகப் பற்றவைத்த வளையம் அதைவிட மோசம். வளையத்தைக் கழற்றினாலும் விளிம்பில் தலைக்கு நேர் மேலே பற்றாசின் தழும்பு நிற்கும். நகைக்கடைக்காரர் பற்றாசு எடையைக் கழித்துக்கொண்டு தங்க விலை கொடுத்துவிடுவார். சேகரிப்பாளர் கணக்கில் அது ஊனமான காசு, மிகுவிலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. நம் பாட்டிமார்கள் அத்தனை பத்திரமாகக் காத்த காசுகள் நாணயச் சந்தையில் பெரிதாகப் போகாததற்குக் காரணம் இந்த வளையம்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவை கழுத்தில் கிடந்து பயன்பட்டவை.

இரண்டு உலகத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு கள்ளக் காசு விவகாரம் நன்றாகக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பவுனுக்கு அதன் தங்கத்தைவிடக் கூடுதல் விலை கிடைத்ததால் இத்தாலியிலும் லெபனானிலும் போலிப் பவுன்களை அடித்தார்கள். பல போலிகளில் தங்கம் குறையவில்லை, முழு எடை, முழு மாற்று. லாபம் முழுவதும் அந்த முத்திரையின் மிகுவிலையில்தான். 1957இல் பிரிட்டன் மறுபடி பவுன் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம். அப்படி ஒரு காசு இன்று கையில் இருந்தால், தராசு வைத்திருப்பவருக்கு அது நல்ல தங்கம், லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது குப்பை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, ஏமாற்றம் மிகுதியும் அங்கேதான். நினைவு நாணயங்களைச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக 2010இல் 1,000 ரூபாய் நாணயம் அறிவித்தார்கள். 35 கிராம், 80 சதவீத வெள்ளி. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கான 100 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான், ஆனால் வெள்ளி பாதி, அதாவது பதினேழரை கிராம். இவை புழக்கத்துக்கு வருவதில்லை; நாணயச்சாலை பெட்டியில் வைத்து முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கும். வாங்குகிறவர் பாதிபேர் வெள்ளியில் முதலீடு என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு வெள்ளிக் கட்டி வாங்கியிருந்தால் எடை எவ்வளவோ கூட வந்திருக்கும். எம்.ஜி.ஆர். மேல் உள்ள பக்திக்காக வாங்கினால் நியாயம், கணக்குக்காக வாங்கினால் கணக்கு உதைக்கும். வாங்கிய அத்தனை பேரும் பெட்டியைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தும் காசு அரிதாவது எப்படி?

செல்பேசி வந்தபின் இன்னொரு கூத்து. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அது கோடிக்கணக்கான கைகளில் புழங்கிய பித்தளை நிறக் காசு. அதில் விலைமதிப்புள்ள உலோகமும் இல்லை, அபூர்வமும் இல்லை. படத்தை அனுப்பினால் ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வரும், பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி கேட்பார்கள். தன் பெயரைப் போட்டு இப்படி நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வாங்குகிறவர் விற்கிறவரிடம் முன்பணம் கேட்கும் வியாபாரம் உலகத்தில் எங்கும் இல்லை.

சேமிப்புதான் நோக்கம் என்றால் அட்டையில் அடைத்த காசே போதும் என்பது என் கட்சி. இல்லையென்றால், அதையும் தொடாமல் தங்கப் பரிமாற்ற நிதியாக (ஈடிஎஃப்) டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பில் பணம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பணத்துக்காக ஆரம்பித்தவர்களல்ல. 1862 என்ற ஒரே ஆண்டைப் பொறித்துப் பல வருஷம் அடித்த ரூபாய்களில், புள்ளிகளை எண்ணி எந்த வருஷத்துக் காசு என்று கண்டுபிடித்து மகிழ்கிறவர்கள். அந்தப் பைத்தியம் பிடிக்காதவர் ஏலப் பட்டியல் பார்த்து முதலீடு செய்தால், விற்கும் நாளில் தன்னைப் போலவே இன்னொருவர் கிடைக்க வேண்டுமே என்று காத்திருக்க நேரும். தங்கக் கட்டிக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு.

பழைய காசு வீட்டில் இருந்தால் உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஆண்டையும் தரைக்கோட்டையும் ஒரு லென்ஸில் பார்த்துவிட ஐந்து நிமிஷம் போதும். தேய்க்க மட்டும் வேண்டாம். மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் கதையே வேறு: 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பேத்திக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வாசகப்படி 100 வயது நிறைந்த காசும் தொல்பொருள்தான், தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பம்பாயில் அடித்த பவுன்கள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அதையே ஆசாரியிடம் கொடுத்து வளையலாக்கினால், சுங்கத்தில் வழக்கமான கேள்விகளோடு கையில் போட்டுக்கொண்டே விமானம் ஏறிவிடலாம்.